தத்துவ ஆசிரியரோடு ஒரு ஞாயிறு மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாதம் தருமபுரியில், அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் என்று மாறி மாறி ஒரு தத்துவ உரையாடலை நடத்தி வருகிறோம். வர நினைப்பவர்களும், வரலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களும் எங்களிடம் கேட்டவை இவை. பதில்களை எழுதியவன் இந்தச் சந்திப்புகளை ஒருங்கிணைப்பவர்களில் ஒருவன்.

இது சொற்பொழிவா?

இல்லை. தத்துவம் படித்து, அதைக் கற்பித்தும் வரும் ஒருவரை அழைக்கிறோம். அவர் முதல் இருபது நிமிடம் ஒரே ஒரு கேள்வியை எடுத்து விரித்து வைப்பார். மீதி நேரம் முழுக்க வந்தவர்களுடையது. கேட்கலாம், மறுக்கலாம், "இது எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று நிறுத்தலாம். மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுகிறோம். வந்தவருக்கும் அதே பிளாஸ்டிக் நாற்காலிதான்.

வெளியூரில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு. 1992இல் பாரிஸில் மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர், ஒரு காபிக் கடையில் ஞாயிறு காலையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம் என்று தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கமான முன்மாதிரி மணிமேகலைதான். அதன் இருபத்தேழாம் காதை முழுக்க ஒரே வேலை: மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் தன் வழிக்கு வருகிறாள். ஒரு காப்பியத்துக்குள் இப்படி ஒரு நேர்காணல் தொடரை வைக்க ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று எப்போது படித்தாலும் வியப்பாக இருக்கிறது.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். எனக்குப் புரியுமா?

புரியும். புரியாவிட்டால் அது பேசுபவர் சரிசெய்ய வேண்டிய குறை. அழைக்கும்போதே இதை அவரிடம் சொல்லிவிடுகிறோம். கலைச்சொல் வந்தால் அந்த இடத்திலேயே விளக்க வேண்டும். பெரிய பெயர் ஒன்றைச் சொன்னால், அவர் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதாலேயே ஒரு கருத்து வலுப்பெறாது.

சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. ஏதென்ஸ் கடைத்தெருவில் நின்று கைவினைஞர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் பேசினார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பேச்சைத்தான் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்திருக்கின்றன.

"பெரிய கேள்வி" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஓர் உதாரணம் தாருங்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு நெல்லிக்கனிக் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். பள்ளியில் இதைக் கொடைக்கு உதாரணமாகப் படித்தோம். "அவன் செய்தது சரியா?" என்று யாரும் நம்மிடம் கேட்டதில்லை. ஒரு சந்திப்பில் அதைத்தான் கேள்வியாக வைத்தோம்.

முதலில் எல்லோரும் "இதில் என்ன சந்தேகம், சரிதான்" என்றார்கள். அப்புறம் ஒருவர் ஆரம்பித்தார்: அவன் தனி மனிதன் இல்லை, அரசன். அவன் ஆயுளை நம்பி ஒரு நாடே இருக்கிறது. அப்படியிருக்க அதைத் தன் சொந்தப் பொருள்போல் எடுத்துக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டா? உடனே இன்னொருவர், அரசன் போனால் அடுத்த அரசன் வருவான், ஔவை போனால் இன்னொரு ஔவை வருவாளா என்றார். இங்கேயே இரண்டு கேள்விகள் பிரிந்துவிட்டன. யாருடைய ஆயுளால் அதிக நன்மை என்று கணக்குப் போடுவது ஒரு வழி. பெந்தம், மில் போன்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர்கள் வகுத்த பயன்வாதம் அந்த வழியில் போகிறது. பொறுப்பில் இருப்பவனுக்குக் கணக்கைத் தாண்டிய கடமை உண்டு என்பது இன்னொரு வழி.

பிறகு புறநானூற்று 91ஆம் பாட்டை எடுத்து வைத்தோம். அது ஔவையாரே பாடியது. பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கரிய உச்சியில் பெற்ற கனியைப் பற்றி "ஆதல் நின்னகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கீந்தனையே" என்கிறார். அந்தக் கனி என்ன செய்யும் என்பதை அதியமான் வெளியே சொல்லவில்லை. மனதுக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்திருக்கிறான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார், "நீ உண்" என்றிருப்பார் என்று உரைகாரர்கள் விளக்குவதும் இயல்பானதே.

வந்திருந்த செவிலியர் ஒருவர் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு நல்லது என்பதற்காக, அது என்னவென்று சொல்லாமல் கொடுக்கலாமா? இன்றைக்கு ஒரு மருத்துவர் அப்படிச் செய்தால் ஒத்துக்கொள்வோமா? அரை மணி நேரம் பேச்சு வேறு எங்கும் போகவில்லை. சம்மதம் என்பது எதற்காக, அன்பு அதை மீறலாமா, மீறினால் எந்த அளவுக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. அதியமானின் பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. கதை எங்களுக்கு முன்பைவிடக் கனமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு எங்கே போய் நின்றது?

இதைக் கேட்டவர் அன்றைக்குப் பாதியில் பஸ்ஸுக்குக் கிளம்பியவர். அவருக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கனி கொடுத்த கதைக்குப் பின்கதை ஒன்று உண்டு. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரின்மேல் படையெடுத்தான். அதியமான் வீழ்ந்தான். அவனுக்காக ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக இருக்கிறது. கனி உண்டவர் இருந்து, கொடுத்தவனுக்காக அழுதார். அப்படியென்றால், இப்படி முடிந்ததால் அவன் செய்தது இன்னும் சரியாகிவிட்டதா? போரில் ஔவையும் இறந்து, அந்தப் பாட்டே இல்லாமல் போயிருந்தால் தவறாகியிருக்குமா?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த தக்காளி விவசாயி ஒருவர் அப்போது கேட்டார்: "விளைவை வைத்துத்தான் சரி, தப்பு என்றால், விலை விழுந்த வருஷமெல்லாம் நான் நாற்று நட்டதே தப்பா? நட்ட அன்னைக்கு எல்லாம் யோசிச்சுத்தானே நட்டேன்." சிறப்பு விருந்தினர் இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடிவையும் முடிவின் பலனையும் வேறு வேறாக மதிப்பிட வேண்டும் என்று அவர் கேட்டதையே சீராக்கித் தந்தார். நட்ட அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த தகவலை வைத்து நன்றாக யோசித்திருந்தால், அந்த முடிவு நல்ல முடிவுதான், சந்தை என்ன செய்தாலும்.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதே இடத்தில் ஒரு சிக்கலைக் காட்டினார்கள். வில்லியம்ஸ் சொன்ன உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனாலும் ஒரு குழந்தை குறுக்கே வந்து வண்டியில் அடிபட்டுவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவரும் வருந்துவார். ஓட்டுநரின் வருத்தமோ வேறு மாதிரியானது. "என் கையால் நடந்தது" என்ற வருத்தம் அது. "உங்கள் தவறு இல்லை" என்று நாம் அவருக்கு ஆறுதல் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன மறு நிமிடமே அவர் "ஆமாம், என் தவறில்லை" என்று சாப்பிடப் போய்விட்டால் நமக்கு ஏதோ உறுத்தும். அப்படியானால் விளைவு நம்மேல் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறதா? தொப்பூர் கணவாய் வழியாகத் தினமும் வண்டி ஓட்டும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்தக் கேள்வியை யாரும் புத்தகக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

நின்றது அங்கேதான். விவசாயி கேட்டதற்குப் பதில் கிடைத்தது. ஓட்டுநரின் கேள்வி திறந்தே இருக்கிறது.

கடைசியில் ஒரு முடிவும் இல்லை என்றால் எதற்குப் பேச வேண்டும்? அவரவர் கருத்து அவரவருக்கு என்று விட்டுவிடலாமே?

விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முடிவு எட்டாத கேள்விகள் உண்டு. அதற்காக எல்லாப் பதிலும் சமம் ஆகிவிடாது. சில பதில்கள் கேள்வி கேட்ட உடனே உடைந்துவிடும். அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

மறுபடி மணிமேகலைக்கே போகிறேன். பூதவாதி, கண்ணால் காண்பது ஒன்றே உண்மையை அறியும் வழி, அனுமானத்தை ஏற்க முடியாது என்கிறான். மணிமேகலை அவனிடம் கேட்பது ஒன்றுதான்: அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தை யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? தான் பிறந்ததை யாரும் பார்த்ததில்லை. பிறர் சொன்னதையும் அதிலிருந்து ஊகித்ததையும் வைத்துத்தான் அம்மாவை அம்மா என்கிறோம். அந்தக் கேள்விக்குப் பிறகு "காட்சி ஒன்றே போதும்" என்று யாரும் பழையபடி சொல்ல முடியாது. வேண்டுமானால் கொள்கையைத் திருத்திக்கொண்டு வரலாம். திருத்திக்கொண்டு வருவதும் முன்னேற்றம்தான்.

ஒருவர் கருத்தை "உங்கள் கருத்து" என்று ஒதுக்கி வைப்பது மரியாதைபோலத் தோன்றும். காரணம் கேட்பதுதான் உண்மையான மரியாதை என்று நான் நினைக்கிறேன். யோசிக்கத் தெரிந்தவர் என்று நம்பினால்தானே ஒருவரிடம் காரணம் கேட்போம்.

மேலைநாட்டுத் தத்துவம் மட்டும்தானா? நம்முடையது வருமா?

இரண்டும் ஒரே வட்டத்தில் உட்காரும். பொய் சொல்லலாமா என்ற சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது திருக்குறளின் 292ஆம் குறள். ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய கட்டுரை நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. உங்கள் நண்பனைக் கொல்லத் துரத்தி வருபவன் வாசலில் நின்று "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்கிறார்.

குறளுக்கு இங்கே கைதட்டல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் காண்ட் பக்கம் நின்று வாதாடும் பொறுப்பை வேண்டுமென்றே உள்ளூர்த் தமிழாசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். "நல்லதுக்குத்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லாத பொய்யன் உண்டா, அந்த நன்மை குற்றமற்றதுதானா என்று யார் தீர்மானிப்பது, பொய் சொன்னவனே தீர்மானிக்கலாமா என்று அவர் கேட்டபோது அறை அமைதியானது. அதன் பிறகு "புரைதீர்ந்த" என்று வள்ளுவர் வைத்த நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்று பேசத் தொடங்கினோம். காண்டின் எதிர்ப்பு இல்லாமல் அந்த நிபந்தனையை நாங்கள் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டோம்.

பெண்கள் வருகிறார்களா?

வருகிறார்கள். போதுமான அளவில் வருவதில்லை. மாலை நேரம், கடைசி பஸ், வீட்டு வேலை எல்லாம் காரணம். அதனால் கிருஷ்ணகிரிச் சந்திப்பை மதியத்துக்கு மாற்றினோம். பிள்ளைகளோடு வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மணிமேகலை அந்தச் சமயவாதிகளைப் பார்க்கப் போகும்முன் அவளுக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது: "இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும் விளைபொருள் உரையார்", வேறு உருவம் எடுத்துக்கொள். இளம்பெண் என்று தெரிந்தால் ஒருவரும் உனக்கு உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று பொருள். அதனால் அவள் தவசி வடிவில் போகிறாள். கேள்வி அதே கேள்வி, அறிவு அதே அறிவு, ஆனால் உருவம் மாறினால்தான் பதில் கிடைக்கும். எங்கள் வட்டத்திலும் ஒரு பெண் சொன்னதையே பத்து நிமிடம் கழித்து ஓர் ஆண் சொல்லும்போது தலைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அப்படி நடந்தால் நடத்துபவர் நிறுத்தி, "இதை முதலில் சொன்னது அவங்க" என்று அந்தப் பெண்ணிடமே பேச்சைத் திருப்புவார்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. சிறுவர்களோடு தத்துவம் பேசுவதை 1970களில் அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் ஒரு பாடமுறையாகவே உருவாக்கினார். எங்கள் அனுபவமும், பிள்ளைகள் பெரியவர்களைவிட விடாமல் கேட்பார்கள் என்பதுதான்.

ஓசூரிலிருந்து வந்த ஒரு பையன் தன் தாத்தாவின் டிவிஎஸ் 50 பற்றிக் கேட்டான். எஞ்சின் மாற்றியாகிவிட்டது, டேங்க் மாற்றியாகிவிட்டது, சக்கரம், சீட், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தாத்தா "இது நான் கல்யாணத்துக்கு வாங்கின வண்டி" என்கிறார். உண்மையா? இதே கேள்வியை கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு கப்பலை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்: தீசியஸின் கப்பலில் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் அது அதே கப்பலா? பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் எடுத்து வைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால்? பையனிடம் இதைச் சொன்னதும், "அப்போ மெக்கானிக் கடையில இருக்கிறதுதான் தாத்தா வண்டியா?" என்றான். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண் எந்த வண்டியில் இருக்கிறதோ அதுதான் என்று ஒரு பெரியவர் சொல்ல, எண்ணைச் சேசிஸிலிருந்து வெட்டி ஒட்டினால் என்ன ஆகும் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் வரலாமா? நம்பிக்கையைக் கிண்டல் செய்வீர்களா?

வரலாம். கிண்டலுக்கு இடமே இல்லை, எந்தப் பக்கத்துக்கும்.

சாதி, அரசியல் பேசலாமா?

பேசலாம். கட்சிக்காகப் பேசக் கூடாது. நீதி பற்றிப் பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் எழுந்து போனால் அது நேர்மையான பேச்சு ஆகாது.

இதற்கு நாங்கள் அடிக்கடி பயன்படுத்துவது அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த ஒரு சோதனை. ஒரு சமூகத்துக்கு விதி எழுத உட்காருகிறீர்கள். ஆனால் அந்தச் சமூகத்தில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எந்தச் சாதி, ஆணா பெண்ணா, நிலம் உள்ள வீடா இல்லாத வீடா, ஒகேனக்கல் குடிநீர் முதலில் வரும் தெருவா கடைசியில் வரும் தெருவா, எதுவும் தெரியாது. இப்போது எழுதுங்கள். முதல் முறை எழுதியதைத் திரும்பப் படித்து, தாங்களாகவே அடித்துவிட்டு மறுபடி எழுதியவர்கள் உண்டு.

சண்டை வராதா?

குரல் உயரும். ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒருவரை மறுக்கும்முன், அவர் சொன்னதை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி சொல்லிக் காட்ட வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறோம். தமிழில் சரளமாக வாதாட வராது.

கிருஷ்ணகிரிச் சந்திப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வருகிற மொழியில் பேசுங்கள், பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்லிவிடுவார்.

கட்டணம்?

இல்லை. டீ எங்கள் செலவு.

வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லாத ஊரில் இதெல்லாம் தேவையா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை தேடிப் பெங்களூருக்குப் போகும் பஸ்ஸில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இந்த மாவட்டத்தின் வாழ்க்கையில் தத்துவக் கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன, யாராவது அவற்றைத் தீர்மானித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பின்னர் தருமபுரிக்கும் வந்தது. வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடலாம், அரசு வளர்க்கும். உயிர்கள் பிழைத்தன, அதில் இரண்டு கருத்து இல்லை. அதே நேரம், பெண் குழந்தையைக் கைவிடலாம் என்று அரசே வழி காட்டுவது ஆகாதா என்ற எதிர்ப்பும் அன்றிலிருந்தே இருக்கிறது. இப்போது சாகப்போகும் ஓர் உயிரைக் காப்பதும், நாளைக்கு ஊர் எப்படி யோசிக்கும் என்பதும் மோதும்போது எதை முன்னால் வைப்பது? உயிரைத்தான் என்று நான் சொல்வேன். இதற்கு எதிராக என்னிடம் பேசிய அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரின் காரணங்கள் வலுவானவை, அவற்றுக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லி முடிக்கவில்லை. அதிகாரிகளும் நிபுணர்களும் மட்டும் யோசித்துவிட்டுப் போக வேண்டிய விஷயமா இது? தொட்டில் இருக்கும் ஊரில் வாழ்கிறவர்கள் யோசிக்க வேண்டாமா?

பேச வருபவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தத்துவம் கற்பிப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஆய்வு செய்பவர்கள். பட்டத்தைவிட நாங்கள் கவனிப்பது ஒன்றுதான்: இடைமறித்துக் கேட்டால் அவருக்குக் கோபம் வருமா? வரும் என்றால் அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த வட்டத்துக்குச் சரிப்படாது.

நான் ஒரு கேள்வி அனுப்பலாமா?

அனுப்புங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான தலைப்புகளை வந்த கேள்விகளிலிருந்துதான் எடுக்கப்போகிறோம். "வாழ்க்கையின் அர்த்தம் என்ன?" என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. அந்தக் கேள்வி உங்களுக்கு எங்கே, எதைப் பார்த்தபோது எழுந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் ஊர்ப்பெயர் மட்டும் போதும். கையெழுத்தில் தந்தாலும் சரி, சந்திப்புக்கு வரும்போது நேரில் சொன்னாலும் சரி, குறித்துக்கொள்கிறோம்.